கலைந்துபோன இண்டி ராக் குழு இப்போதுதான் அறிமுகமா? தேடுவதிலிருந்து வாங்குவது வரை ஒரு வழிகாட்டி

சில வருடங்கள் மட்டும் இயங்கி, கொஞ்சம் பேர் மட்டும் கேட்டு, பிறகு கலைந்துபோன ஒரு இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக்) குழு உங்களுக்கு இப்போதுதான் அறிமுகமாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாட்டைக் கேட்டதும் மற்றதெல்லாம் உடனே வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பாதிப் பாடல்கள் எந்தச் செயலியிலும் இருக்காது. வெளியிட்ட நிறுவனம் எப்போதோ மூடியிருக்கும். பழைய சிடி ஒன்றுக்கு யாரோ வாய்க்கு வந்த விலை கேட்பார்கள்.

நானும் இதில் முட்டி மோதித்தான் ஒரு வரிசைக்கு வந்தேன்: முதலில் அடையாளம், அப்புறம் பட்டியல், பிறகு கேட்பது, கடைசியில்தான் பழைய பிரதி வாங்குவது. பெரும்பாலானவர்கள் கடைசிப் படியில் தொடங்குகிறார்கள். பணமும் பொறுமையும் அங்கேயே கரைந்துவிடுகின்றன.

1. எந்தக் குழு என்று உறுதி செய்யுங்கள்

சிறிய குழுக்கள் ஒற்றைச் சொல் பெயர் வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அதனால் ஒரே பெயரில் நாலைந்து குழுக்கள் இருப்பது சாதாரணம். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் இவை எல்லாம் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும். 1993-இல் பதிவான ஆல்பத்துக்குப் பக்கத்திலேயே போன மாதம் வந்த சம்பந்தமில்லாத ஒரு மின்னிசைப் பாடல் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு "குழு திரும்பவும் சேர்ந்துவிட்டது" என்று சந்தோஷப்படாதீர்கள்.

இசை வெளியீடுகளைப் பட்டியலிட்டு, வாங்கி விற்கவும் உதவும் டிஸ்காக்ஸ் தரவுத்தளத்தில் போய்ப் பாருங்கள். ஒரே பெயருள்ள குழுக்களை அங்கே பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எண் போட்டுப் பிரித்து வைத்திருப்பார்கள். உங்கள் குழு எந்த எண் என்று பார்த்து நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஊர், இயங்கிய வருடங்கள், வெளியிட்ட நிறுவனம், உறுப்பினர்களின் முழுப் பெயர். இனிமேல் எங்கே தேடினாலும் குழுவின் பெயரோடு இவற்றில் ஒன்றையாவது சேர்த்துத் தேடுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சேர்ப்பதுதான் அதிகம் பலன் தரும்.

முழுப் பெயர் கிடைக்காமலும் போகலாம். பான்சிகோ என்ற இங்கிலாந்துக் குழு 2000-இல் ஒரு டெமோ (மாதிரிப் பதிவு) சிடியைச் சில பிரதிகள் மட்டும் எடுத்தது. அதில் ஒன்று 2016-இல் ஒருவர் கையில் கிடைத்து இணையத்தில் பரவியது. உறையில் உறுப்பினர்களின் முதல் பெயர்கள் மட்டும்தான். அதன்மேல் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரை வைத்து நாட்டிங்காம் நகரத்துத் தொண்டுக் கடை ஒன்றில் வாங்கியது என்று ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். ஊர் தெரிந்த பிறகும் ஆட்களைக் கண்டுபிடிக்க 2020 ஆகிவிட்டது. ஆகவே உறை, ஸ்டிக்கர், உள்தாள் எது கண்ணில் பட்டாலும் படம் எடுத்து வையுங்கள்.

2. வெளியீட்டுப் பட்டியலை நீங்களே எழுதுங்கள்

உங்களுக்கு வேண்டிய முதல் ஆவணம் இதுதான். ஒரு விரிதாள் திறந்து தலைப்பு, வருடம், நிறுவனம், கேட்டலாக் எண், வடிவம், பாடல்கள், எங்கே கேட்கலாம் என்று ஏழு பத்தி போடுங்கள். கேட்டலாக் எண் என்பது உறையின் முதுகிலும் தட்டின் லேபிளிலும் அச்சாகியிருக்கும் குறியீடு. பின்னால் விற்பனையாளரிடம் பேசும்போது இதைச் சொன்னால் குழப்பமே வராது.

டிஸ்காக்ஸில் ஒரு ஆல்பத்துக்கு 'மாஸ்டர்' பக்கம் ஒன்று இருக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கம்: அமெரிக்க எல்பி (பெரிய வினைல் இசைத்தட்டு), பிரிட்டன் சிடி, ஜப்பான் சிடி என்று. அவசரத்தில் மாஸ்டர் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். ஒரு பதிப்பில் மட்டும் கூடுதல் பாட்டு இருக்கும். இன்னொன்றில் பாடல் வரிசையே மாறியிருக்கும்.

ஆல்பங்களைப் பட்டியலிடுவது சுலபம். தவறிப்போவதெல்லாம் ஓரங்களில் இருப்பவைதான்: ஏழு அங்குல சிங்கிள் தட்டின் பி-பக்கம் (பின்பக்கப் பாட்டு), இன்னொரு குழுவோடு ஆளுக்கொரு பக்கம் பங்குபோட்ட தட்டு, நிறுவனத்தின் தொகுப்பில் மட்டும் வந்த ஒற்றைப் பாட்டு, வானொலி அமர்வு. பிபிசி ரேடியோ 1-இன் தொகுப்பாளர் ஜான் பீல் 2004-இல் இறக்கும்வரை எத்தனையோ சிறிய குழுக்களை அழைத்துப் பதிவு செய்தார். பெரும்பாலும் ஒரு அமர்வுக்கு நான்கு பாடல்கள். உங்கள் குழு 80-களிலோ 90-களிலோ பிரிட்டனில் இருந்ததென்றால், அல்லது அங்கே சுற்றுப்பயணம் போனதென்றால், பீல் அமர்வு உண்டா என்று கட்டாயம் பாருங்கள். சில சமயம் அந்தப் பதிவு ஆல்பத்தைவிட உயிரோட்டமாக இருக்கும்.

பட்டியல் சின்னதாக முடிந்துவிட்டால் கவலைப்படாதீர்கள். கிளாஸ்கோவைச் சேர்ந்த லைஃப் வித்தவுட் பில்டிங்ஸ் குழுவுக்கு 2001-இல் வந்த ஒரே ஒரு ஸ்டுடியோ ஆல்பம்தான். அதன் பாட்டு ஒன்று ஏறக்குறைய இருபது வருடம் கழித்து டிக்டாக்கில் புதுத் தலைமுறையிடம் பரவியது.

3. காசு செலவழிக்கும் முன் கேளுங்கள்

எங்கே தேடுவது என்பதற்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் பேண்ட்கேம்ப், கலைஞர்களே தங்கள் இசையை ஏற்றி விற்கும் தளம். கலைந்துபோன குழுவின் ஒரு உறுப்பினர் பழைய ஆல்பங்களை அங்கே ஏற்றி வைத்திருப்பது அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் முழு ஆல்பத்தையும் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். அடுத்தது ஸ்ட்ரீமிங் செயலிகள். பிறகு யூடியூப். கடைசியாக இன்டர்நெட் ஆர்கைவில் உள்ள 'லைவ் மியூசிக் ஆர்கைவ்'. ரசிகர்கள் பதிவு செய்வதை அனுமதித்த குழுக்களின் மேடைப் பதிவுகள் அங்கே இலவசமாக, சட்டப்படி கிடைக்கும்.

2000-களின் குழு என்றால் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துக் குழுக்கள் டெமோக்களை ஏற்றி வைத்தது மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில். சர்வர் இடமாற்றத்தில் 2015 வரை ஏற்றிய பாடல்கள் போய்விட்டன என்று 2019-இல் அந்தத் தளமே ஒப்புக்கொண்டது. அதில் சுமார் 4,90,000 பாடல்கள் மட்டும் தப்பி இன்டர்நெட் ஆர்கைவில் 'மைஸ்பேஸ் டிராகன் ஹோர்டு' என்ற பெயரில் இருக்கின்றன. குழுவின் பெயரைப் போட்டு ஒருமுறை தேடிவிடுங்கள்.

குழுவின் பழைய இணையதள முகவரி சிடி உறையின் உள்தாளில் இருக்கும். அதை, இணையதளங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் கொடுத்து, குழு இயங்கிய வருடத்துப் பிரதியைத் திறங்கள். கடைசி வருடங்களின் பிரதிகளில் முகவரியை வேறு யாரோ வாங்கி விளம்பரம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பிவிட வேண்டாம். முகப்புப் பக்கத்தில் படங்கள் வராவிட்டாலும் பாடல் பட்டியல், சுற்றுப்பயணத் தேதிகள், பழைய செய்தி மடல்கள் என்று எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பிழைத்திருக்கும். நிறுவனத்தின் தளத்தையும் இப்படியே தோண்டுங்கள்.

ரசிகர்கள் பகிரும் கோப்புகளில் ஒரு பொறி உண்டு. 'ஃப்ளாக்' (தரம் குறையாத ஒலிக் கோப்பு) என்று பெயர் இருக்கும், உள்ளே மட்டமான எம்பி3-யை மாற்றி வைத்திருப்பார்கள். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஒலியின் படம் வரும். சிடியிலிருந்து நேராக எடுத்ததென்றால் நிறம் 22 கிலோஹெர்ட்ஸ் பக்கம்வரை போகும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோடாக நின்றால் அது 128 கேபிபிஎஸ் எம்பி3-யிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். கேசட்டிலிருந்து எடுத்ததென்றால் மேல்பகுதி மெல்ல மங்கிப் போகும். அது இயல்பு, அதைச் சந்தேகப்பட வேண்டாம்.

எந்த வரிசையில் கேட்பது? செயலி காட்டும் 'பிரபலமான ஐந்து பாடல்கள்' வழியாகப் போகாதீர்கள் என்பேன். யாரோ ஒரு பட்டியலில் சேர்த்ததால் மேலே வந்த பாட்டு அது. ஒரு ஆல்பத்தை எடுத்து முதல் பாட்டிலிருந்து கடைசிவரை, இடையில் தாண்டாமல், ஒரு வாரத்துக்கு அதை மட்டுமே கேளுங்கள். இந்தக் குழுக்களில் பலவற்றின் பலம் பாடல்களுக்கு நடுவே உள்ள வேகமாற்றத்திலும் மௌனத்திலும் இருக்கிறது. அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஸ்லின்ட் குழுவின் 1991 ஆல்பத்தில் ஆறே பாடல்கள். குரல் பல இடங்களில் கிட்டாருக்கு அடியில் முணுமுணுப்பாகவே போகும். கடைசிப் பாட்டில் அது கத்தலாக வெடிப்பதை மட்டும் தனியாகக் கேட்டால் வெறும் சத்தம். முன்னால் உள்ள ஐந்தையும் தாண்டி வந்து கேட்டால் உடம்பு சிலிர்க்கும். முதல் ஆல்பம் பிடிபட்ட பிறகு மற்றவற்றை வெளிவந்த வரிசையில் கேளுங்கள். டெமோக்களும் மேடைப் பதிவுகளும் எல்லாவற்றுக்கும் பிறகு.

4. காசு யாருக்குப் போகிறது என்று பாருங்கள்

பழைய சிடியை மறுவிற்பனையில் எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் குழுவுக்கு அதிலிருந்து ஒன்றும் போவதில்லை. எனவே குழுவுக்குப் போகும் வழி இருந்தால் முதல் செலவு அங்கேதான் இருக்க வேண்டும். இதில் நான் கறாராகவே இருக்கிறேன்.

உறையின் பின்பக்கம் வட்டத்துக்குள் 'பி' எழுத்து போட்டு வருடமும் ஒரு பெயரும் இருக்கும். ஒலிப்பதிவின் உரிமை அப்போது யாரிடம் இருந்தது என்பதை அது சொல்லும். செயலியில் அதே ஆல்பத்தின் அடியில் இப்போது என்ன பெயர் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். உறுப்பினரின் பெயரோ, மறுபதிப்பு செய்யும் நிறுவனத்தின் பெயரோ இருந்தால் நல்ல அறிகுறி. யாரும் கேள்விப்படாத பெயர் புதிதாக நுழைந்திருந்தால், வேறு யாரோ ஏற்றிக் காசு பார்க்கிறார்களா என்று விசாரியுங்கள்.

உரிமை எப்படிக் கைமாறும் என்பதற்கு கேலக்ஸி 500 குழு ஒரு உதாரணம். 1991-இல் அவர்கள் கலைந்த அதே வருடம் அவர்களது ரஃப் டிரேட் நிறுவனமும் திவாலானது. டிரம்ஸ் வாசித்த டேமன் க்ருகோவ்ஸ்கி மூலப் பதிவுகளை ஏலத்தில் எடுத்தார். அதனால்தான் அந்த ஆல்பங்கள் பிற்பாடு ஒழுங்காக மறுபதிப்பாகின. எல்லாக் குழுவுக்கும் இப்படி அமைவதில்லை.

பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதத்தையும் பொருள் விற்பனையில் 10 சதவீதத்தையும் எடுத்துக்கொள்கிறது. பணப்பரிமாற்றக் கட்டணம் தனி. 2020-இல் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' நாட்களில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. அவசரமில்லை என்றால் அந்த நாள்வரை காத்திருந்து வாங்குங்கள்.

5. பழைய பிரதிக்குப் போகும் முன் மறுபதிப்பு வருமா என்று பாருங்கள்

டஸ்டர் குழு ஒரு பாடம். 90-களின் கடைசியில் வந்த அவர்களது தட்டுகள் வெகுகாலம் மறுவிற்பனையில் மட்டுமே கிடைத்தன. 2019-இல் நியூமரோ குரூப் என்ற மறுபதிப்பு நிறுவனம் எல்லாவற்றையும் ஒரு பெட்டித் தொகுப்பாக வெளியிட்டது. கோடீன், பெட்ஹெட், அன்வூண்ட் என்று இப்படிப்பட்ட குழுக்களை எடுத்து அக்கறையோடு மறுபதிப்பு செய்வது அவர்களது வேலை. இதுபோன்ற நிறுவனங்களின் செய்தி மடலில் சேர்ந்துவிடுங்கள். ஆல்பம் வெளியாகி 20, 25, 30 வருடம் நெருங்குகிறதென்றால் ஆண்டுநிறைவுப் பதிப்புக்கு வாய்ப்பு அதிகம், கொஞ்சம் பொறுங்கள். முன்பதிவு செய்த வினைல் மாதக்கணக்கில் தள்ளிப்போவதும் உண்டு, அதற்கும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

பழைய பிரதிதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்களா? சரி, டிஸ்காக்ஸில் அந்தப் பதிப்பின் விற்பனை வரலாற்றைத் திறங்கள். குறைந்த விலை, நடுவிலை, அதிக விலை மூன்றும் இருக்கும். நடுவிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது பட்டியலில் தொங்கும் விலை ஒருவர் கேட்கும் விலை மட்டுமே. அந்த விலைக்கு அது விற்றதே இல்லாமல் இருக்கலாம். பதிப்பை 'வான்ட்லிஸ்ட்'டில் சேர்த்துவிட்டால் யாராவது விற்பனைக்கு வைத்ததும் மின்னஞ்சல் வரும். ஒரு பாட்டு திடீரென்று எங்காவது பரவி விலை ஏறியிருக்கும் சமயத்தில் வாங்காதீர்கள்.

6. பிரதியைச் சோதிப்பது

விற்பனையாளர்கள் பெரும்பாலும் கோல்டுமைன் தர அளவைப் பயன்படுத்துகிறார்கள்: மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி, ஜி. இதில் விஜி என்றால் 'வெரி குட்', ஜி என்றால் 'குட்'. ஆனால் தாண்டாமல் ஓடும், கீறலும் இரைச்சலும் நிறைய இருக்கும் என்றுதான் அர்த்தம். மெல்லிய கிட்டாரும் மௌனமும் நிறைந்த இசைக்கு விஜி பிளஸுக்குக் கீழே போகாதீர்கள். சத்தமான குழு என்றால் விஜி போதும்.

படம் கேளுங்கள். உறையின் படம் போதாது. வினைலில், லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் கையால் கீறியோ முத்திரையிட்டோ வைத்த எழுத்தும் எண்ணும் இருக்கும்; அதுதான் மேட்ரிக்ஸ் எண். வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் தெரியும். டிஸ்காக்ஸ் பக்கத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வேறு பதிப்பு, அல்லது அனுமதியில்லாத பிரதி.

சிடியின் அடிப்பக்கத்தையும் படமெடுக்கச் சொல்லுங்கள். நடுத்துளையைச் சுற்றிக் கண்ணாடிபோல் இருக்கும் வளையத்தில் 'ஐஎஃப்பிஐ' என்று தொடங்கும் பொடிக் குறியீடு இருந்தால், அந்தத் தட்டு 1994-க்கு முந்தையதாக இருக்க முடியாது; அந்தக் குறியீடே அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே "1990 முதல் பதிப்பு" என்று சொல்லி இதைக் காட்டினால் முதல் பதிப்பு விலை கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் மிக முக்கியம். 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரத்து பிடிஓ ஆலையில் அச்சான சிடிக்களில் ஒரு பகுதி வேதிமாற்றத்தால் பழுப்பேறிக் கெட்டுப்போகிறது. அந்தக் காலத்துச் சிறிய நிறுவனங்கள் பலவும் அங்கேதான் அச்சடித்தன. நடுவளையத்தில் 'மேட் இன் யுகே பை பிடிஓ' என்று இருந்தால் தட்டின் ஓரம் வெண்கல நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழுப்பேறும் கேடு விளிம்பிலிருந்து உள்ளே பரவும், சிடி ஓடுவதோ உள்ளிருந்து வெளியே. எனவே முதலில் கெடுவது கடைசிப் பாடல்கள். முதல் பாட்டு நன்றாக ஓடுகிறது என்ற பதில் போதாது, கடைசிப் பாட்டைப் போட்டுக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். குழுவே வீட்டில் கணினியில் பதிவு செய்த சிடி-ஆர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். பான்சிகோவின் அந்தப் பிரதியும் அரித்துப்போய்த்தான் இருந்தது.

7. பணம், அஞ்சல், சுங்கம்

பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' வழியில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கட்டணம் மிச்சம் என்பார்கள். வாங்குபவருக்கான பாதுகாப்பு அதில் கிடையாது. பொருள் வாங்கும் வழியில் செலுத்தினால் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். ஈபே உத்தரவாதத்தில் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தோ, வர வேண்டிய கடைசி நாளிலிருந்தோ 30 நாள்தான். கப்பல் வழி அஞ்சல் அந்தக் கெடுவையும் தாண்டி இழுக்கலாம், எனவே கண்காணிப்பு எண் இல்லாமல் அனுப்ப ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒரு தட்டை மட்டும் வரவழைத்தால் அஞ்சல் செலவு தட்டின் விலையைத் தாண்டிவிடும். அதே விற்பனையாளரிடம் உங்கள் பட்டியலில் உள்ள வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சேர்த்து வாங்குங்கள். சிடிக்களை பிளாஸ்டிக் பெட்டி இல்லாமல், தட்டும் தாளும் மட்டும் அனுப்பச் சொன்னால் எடை நன்றாகக் குறையும். அந்தப் பெட்டி வழியில் எப்படியும் உடையும், புதிதாக எங்கும் கிடைக்கும். எல்பி என்றால் தட்டை வெளி உறைக்குள் வைக்காமல் தனியே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் பயணத்தில் ஆடி ஆடி உறையின் விளிம்பைக் கிழித்துவிடும்.

சுங்கப் படிவத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பொட்டலம் சீக்கிரம் வரும் அல்லது தேங்கும். சிஎன் 22 அல்லது சிஎன் 23 படிவத்தில் "பரிசு" என்று எழுதி விலையைக் குறைத்துக் காட்டச் சொல்லாதீர்கள். தட்டு உடைந்தால் இழப்பீடு அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும், சட்டப்படியும் தவறு. பயன்படுத்திய இசைத் தட்டு என்று தெளிவாக எழுதி, சர்வதேசப் பொருள் குறியீட்டையும் போடச் சொல்லுங்கள்: வினைலுக்கு 8523.80, சிடிக்கு 8523.49. விலைச்சீட்டையும் பணம் செலுத்திய ரசீதையும் கைவசம் வையுங்கள். வரி எவ்வளவு என்று உங்கள் நாட்டுச் சுங்கத் துறையின் தளத்தில் வாங்கும் முன்பே பார்த்து, அதையும் சேர்த்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டும்.

8. கைக்கு வந்ததும்

பொட்டலத்தைப் பிரிப்பதைப் படம்பிடியுங்கள். அன்றைக்கே முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள். சிடியை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில் ஃப்ளாக் கோப்பாக எடுத்து, அது தரும் பதிவறிக்கையையும் சேர்த்து வையுங்கள். இரண்டு இடங்களில் நகல் இருக்கட்டும். உள்தாளை ஸ்கேன் செய்து, டிஸ்காக்ஸில் விடுபட்ட விவரங்களையும் ஏற்றிவிடுங்கள்.

9. குழுவினருக்கு எழுதுவது

இதற்குத் தயங்குகிறவர்கள் அதிகம். எழுதுங்கள் என்பதுதான் என் பரிந்துரை. ஆனால் அவர்களுக்கு இப்போது வேறு வேலை, குடும்பம், வேறு வாழ்க்கை. பேண்ட்கேம்ப் பக்கத்திலோ, இப்போதைய இசை முயற்சியின் பக்கத்திலோ உள்ள பொது முகவரிக்கு மட்டும் எழுதுங்கள். வீட்டு முகவரியையும் அலுவலக மின்னஞ்சலையும் தேடிப் போகாதீர்கள்.

பத்து வரிக்குள் முடியுங்கள். எந்தப் பாட்டில் எந்த இடம் பிடித்தது என்று ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "எப்போது திரும்பச் சேர்வீர்கள்", "ஏன் பிரிந்தீர்கள்" இரண்டும் வேண்டாம். பதில் வர மாதங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். நினைவூட்டல் அனுப்பாதீர்கள்.

பதில் வந்தால் அநேகமாக ஒரு விஷயம் தெரியவரும்: அவர்கள் கையிலேயே சில பதிவுகள் இருக்காது. நீங்கள் சிடியிலிருந்து எடுத்த ஃப்ளாக் கோப்பையும் உறை ஸ்கேனையும் அனுப்பட்டுமா என்று கேளுங்கள். இணைப்பு சில நாளில் காலாவதியாகும் சேவையில் ஏற்றாதீர்கள். பழைய டெமோவைப் பொதுவில் ஏற்றலாம் என்று அவர்கள் சொன்னால், எந்தப் பாடல்கள், எந்தத் தளம், பெயர்களை எப்படிக் குறிப்பிடுவது என்று மூன்றையும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொண்ட பிறகு ஏற்றுங்கள். ஒரு உறுப்பினர் மட்டும் சரி சொன்னால், மற்றவர்களிடமும் கேட்டுவிட்டாரா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.